தாத்தா இலையில் காணாமல்போன சாக்லேட்

என் வயதுக்காரர்களே, உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். இன்றைக்கு மில்க் சாக்லேட் நாளாம். கொண்டாட வேண்டுமாம். என் பேத்தி வரிசையாக இதயப் படங்களை அனுப்பி, “பாட்டி, நீங்க முதல்ல சாப்பிட்ட சாக்லேட் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டிருக்கிறாள்.

இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. முழுசாகச் சொன்னால் இதயத்தையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்வாள். அதனால் அவளுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நம்மில் பலருக்கு அந்தக் காலத்துப் பெரியவர்களைச் சாமியாக்கிப் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. அவர்கள் அடித்தது அன்பாம், திட்டியது ஆசீர்வாதமாம். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. வயது ஏற ஏற எனக்குக் கோபம்தான் ஏறுகிறது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. மாதம், ரம்புத்தான் பழம் சிவக்கிற மாதம். நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில் அம்மாவின் அப்பா கட்டிய வீட்டில் இருந்தோம். அம்மா மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். கும்பிடுவது மாரியம்மனை, போடுவது கெபாயாச் சட்டை, பேசுவது மலாய். அப்பா கித்தாத் தோட்டத்திலிருந்து, அதாவது ரப்பர்த் தோட்டத்திலிருந்து, பிழைக்க வந்த தமிழர். தெங்கேராவில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை பிரித்துக் கொடுக்கிற வேலை. கல்யாணமானதும் மாமனார் வீட்டோடு தங்கிவிட்டார். அந்த வீட்டில் அவர் இருமவேண்டும் என்றால்கூட வாசலுக்குப் போய்த்தான் இருமுவார்.

தாத்தா போன பிறகு வீட்டில் எல்லாம் மாமா வைத்ததுதான் சட்டம். மாமா அம்மாவின் அண்ணன். டவுனில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ஆபீசில் பியூன். காக்கிக் கால்சட்டைக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக நிறுத்துவார்; அவரும் அப்படியே நிற்பார். மாமாவும் அம்மாவும் பேசியதையெல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர்கள் வாயில் சாமி பெயரையும் சாப்பாட்டுப் பெயரையும் தவிரத் தமிழ் அதிகம் வராது.

எனக்குத் தமிழ் பேச ஆள் கிடைத்தது அக்கா வந்த பிறகுதான். அக்கா என்று நான் சொல்வது என் பெரியப்பா மகளை. பெரியப்பா தோட்டத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். சாகும்போது அப்பாவின் கையைப் பிடித்து, “புள்ள நல்லா படிக்குதுடா, மரம் வெட்ட விட்டுறாத,” என்றாராம். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்பார்கள். அப்பா அந்த வீட்டில் வாய் திறந்து கேட்டது அந்த ஒன்றைத்தான். மாமா ரொம்ப யோசித்து, வீட்டு வேலையும் பார்க்கவேண்டும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். டவுனில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கு நானும் அவளும் கைகோத்துக்கொண்டு நடந்து போவோம்.

அக்கா கறுப்பாக, நெடுநெடுவென்று இருப்பாள். பாவாடை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். அவளுக்குப் பிடித்த தீனி ஒன்றே ஒன்று. கொல்லையில் ஒரு பிலிம்பிங் மரம் இருந்தது. விரல் நீளத்துக்குப் பச்சைப் பச்சையாகக் காய்த்துத் தொங்கும். கடித்தால் காது வரைக்கும் புளிக்கும். அக்கா அதை உப்பில் தோய்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தின்பாள். தித்திப்பு அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பண்டிகைக்குக் கொடுக்கிற தோதோலைக்கூட என் கையில் திணித்துவிட்டு மரத்தடிக்குப் போய்விடுவாள். இதை மறந்துவிடாதீர்கள்.

அந்த மாதம் மாமாவின் துரை சீமைக்குத் திரும்பிப் போனார். போகிற போக்கில் மாமாவுக்கு ஒரு மில்க் சாக்லேட் கட்டி கொடுத்தார். இத்தனை வருஷம் கதவு திறந்து கதவு மூடியதற்கு ஒரு சாக்லேட்! எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. மாமா அன்றைக்கு அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பிரசாதம் கொண்டுவருகிற மாதிரி வீட்டுக்கு வந்தார். ஊதா நிறக் காகிதம், உள்ளே வெள்ளித்தாள். ஓரத்தில் வெள்ளித்தாள் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது.

“யாரும் தொடக்கூடாது. பாப்பாவுக்கு,” என்றார் மாமா. பாப்பா என்றால் அவர் அப்பா, செத்துப்போன என் தாத்தா. தாத்தா வெள்ளைக்காரர் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது, மேம்சாப் கொடுத்த மில்க் சாக்லேட்டின் ருசியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாராம்.

எங்கள் செட்டி வீட்டுப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செத்தவர்களுக்குப் பழக்காலத்தில் படையல் போடுவோம். பார்ச்சு என்று பெயர். போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. அவரவருக்கு உயிரோடு இருக்கும்போது எது பிடித்ததோ அது அவரவர் இலையில் இருக்கவேண்டும். சமைக்கும்போது உப்புக்கூடப் பார்க்கக்கூடாது. எல்லாம் வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போகவேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவோம். அதுவரைக்கும் உயிரோடு இருப்பவன் ஒரு பருக்கையைத் தொட்டால்கூடப் பெரும் பாவம்.

சாக்லேட் கம்பிவலை அலமாரிக்குள் போனது. எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்த அலமாரி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. ஒருநாள் மத்தியானம் அம்மா தூங்குகிற நேரம் பார்த்து, “அக்கா, தூக்கிக் காட்டு,” என்று கெஞ்சினேன். எனக்கு எட்டாது. அக்கா எடுத்து என் மூக்குக்குக் கீழே பிடித்தாள். காகிதத்துக்கு மேலேயே வாசனை வந்தது. காய்ச்சிய பாலும், வறுத்த ஏதோ ஒன்றும், கொஞ்சம் புது நோட்டுப் புத்தக வாசனையும். நான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

“போதும்டி. மோந்தே கரைச்சிருவ,” என்று அக்கா சிரித்தாள். பிறகு தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். “பாலு நல்லாத்தான் இருக்கு. எனக்கு இது வேணாம்பா, திகட்டும்.”

திரும்பினால் மாமா சமையலறை வாசலில் நிற்கிறார். அக்காவின் கையிலிருந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அக்காவை மட்டும் பார்த்தார்.

பார்ச்சு அன்றைக்கு வெயில் கொளுத்தியது. தகரக் கூரை போட்ட வீடு. மாமா தாத்தாவின் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாக்லேட்டின் காகிதத்தைப் பிரித்தார், வெள்ளித்தாளையும் உரித்தார். செத்தவருக்கு உரிக்கக் கை ஏது என்பது அவர் நியாயம். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆவி பறக்கிற தேங்காய்ப்பால் சோற்றின் உச்சியில் சாக்லேட்டை வைத்தார். சாக்லேட்டைச் சோற்றின் மேல் வைக்கிற மனிதர்களை உலகத்தில் வேறெங்கும் நீங்கள் பார்க்க முடியாது. கும்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களை வரவேற்க வாசலுக்குப் போய்விட்டார்.

அப்புறம் அம்மா வந்தாள். தம்பி அப்போது கைக்குழந்தை. இடுப்பில் அவன் அழுதுகொண்டிருக்க, ஒரு கையில் கோழிக் குழம்புச் சட்டி. செத்தவர்களுக்குச் சூடாக இருக்கவேண்டும் என்று குழம்பை மட்டும் கடைசியில், கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது வழக்கம். அம்மா தம்பியை அதட்டிக்கொண்டே ஓர் இலை விடாமல் ஊற்றிக்கொண்டு போனாள். தாத்தா இலைக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். கடைசியாக அக்கா சாம்பிராணிக் கரி கொண்டுவந்து வைத்தாள். கதவைச் சாத்தினார்கள்.

திறந்தபோது தாத்தா இலையில் சாக்லேட் இல்லை.

முதலில் அம்மாதான் பார்த்தாள். “பாப்பா வந்துட்டாரு! சாப்பிட்டுட்டாரு!” என்று கையைக் கூப்பி அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமா மட்டும் கும்பிடவில்லை. அவர் இலையைக் குனிந்து பார்த்தார். பழம் அப்படியே இருந்தது, மீன் அப்படியே இருந்தது, சுருட்டு அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் தாத்தா ஒரு பருக்கையைக்கூடக் குறைத்ததில்லை என்பது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். செத்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்று நம்புகிறவர்தான். விலை உயர்ந்த சாமான் காணாமல் போனதும் அந்த நம்பிக்கை எங்கே போயிற்று?

“சியாப்பா அம்பில்?” என்றார். யார் எடுத்தது?

மாமா நேராக அக்கா முன்னால் போய் நின்றார். “கையைக் காட்டு.” அக்கா காட்டினாள். கரி அள்ளிய கை, கறுப்பாகத்தான் இருந்தது. “கடைசியா உள்ள போனது நீ. அன்னைக்கு அலமாரியத் திறந்தவளும் நீ. பென்சூரி.” திருடி.

“நான் எடுக்கல மாமா. சித்தப்பா, நான் எடுக்கல.” அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா தரையைப் பார்த்தார். என் அப்பாவை நான் எத்தனையோ விஷயத்தில் மன்னித்திருக்கிறேன், அந்தப் பார்வையை மட்டும் மன்னிக்கவில்லை. ஒரு வார்த்தை! “என் அண்ணன் புள்ள அப்படிச் செய்யாது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூரையா இடிந்து விழுந்திருக்கும்? அவர் சொன்னது, “எடுத்திருந்தா சொல்லிடும்மா,” என்பதுதான்.

வழக்கமாகப் படையல் சோற்றை எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவோம். தாத்தாவின் இலை மட்டும் தீட்டுப்பட்டுவிட்டது என்று மாமா அதை அப்படியே மடித்துக் கொல்லையில் எறியச் சொன்னார். பிலிம்பிங் மரத்தடியில் போய் விழுந்தது. உள்ளே மாமா கத்துவதும் அக்கா அழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கொல்லையில் நின்றேன். எனக்குப் பசி. அந்த இலையைப் பிரித்தேன்.

கோழிக் குழம்பு வழக்கத்தைவிடக் கருத்து, கெட்டியாக இருந்தது. விரலால் வழித்து நக்கினேன். முதலில் மிளகாய், அப்புறம் தேங்காய்ப்பால், அப்புறம் வேறு என்னவோ. சோற்றைக் கிளறினேன். அடியில் கையகலத்துக்குப் பழுப்பாக, குழைந்து, பளபளவென்று கிடந்தது. அள்ளி வாயில் போட்டேன். என்ன சொல்வேன்! நாக்கில் பட்டும் படாமலும் கரைந்து, தொண்டை வரைக்கும் பால் பாலாக வழுக்கிக்கொண்டு போனது. பின்னாலேயே சம்பல் காரம் வந்தது. அதுவும் சேர்ந்து இனித்தது. சோறும் எலும்புமாக இருந்ததைக்கூட விடாமல் உறிஞ்சினேன். அந்த மாதிரி சுகத்தை என் வாய் அதற்கு முன்னால் கண்டதில்லை, பின்னாலும் கண்டதில்லை. இன்றைக்கு என் பிள்ளைகள் வெளிநாட்டுச் சாக்லேட்டெல்லாம் பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறார்கள். ஒன்றும் கிட்டே வரமுடியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாக்லேட் எங்கேயும் போகவில்லை. இதோ இருக்கிறது. நான் ஒரு கை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அம்மா குழம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சாக்லேட் இங்க இருக்கு! நீ ஊத்துன குழம்புல கரைஞ்சு போச்சு. நக்கிப் பாரு, இனிக்குது!”

அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கன்னத்தில் விட்டாள் ஓர் அறை.

“செத்தவங்க எச்சிலத் தின்னியா? தீட்டுப்பட்ட இலையத் தின்னியா?” என்று கத்தியபடி என் கையைத் தண்ணீரில் முக்கித் தேய்த்துக் கழுவினாள். வாயில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைத்தாள். என் கையில் இருந்த அக்காவின் மானம் சாக்கடையில் போயிற்று. மாமாவிடம் ஓடினேன். “சின்னப் பிள்ளையையும் திருட்டுக்குச் சாட்சி சொல்ல வச்சிருக்கா பார்,” என்று அதற்கும் அக்காவுக்குத்தான் திட்டு விழுந்தது. திரும்பிக் கொல்லைக்குப் போனபோது கோழிகள் இலையைக் கிழித்துத் துப்புரவாக்கியிருந்தன.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் பிள்ளைகளுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த ஒருநாள்தான் அந்தக் கரண்டிப் பார்வை எனக்கு விளங்கிற்று. அம்மாவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அப்பாவின் இலையைக் கெடுத்தவள் தான்தான் என்று அண்ணனிடம் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை திருடியாக இருப்பது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

அக்காவை அடுத்த விளக்கு வைக்கும் முன்னால் வீட்டைவிட்டு அனுப்பவேண்டும் என்றார் மாமா. அப்பா துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். அக்கா பள்ளிக்கூடப் பையை என் கையில் கொடுத்தாள். “சிலேட்டு உடையாம வச்சிரு, வந்து எடுத்துக்கிறேன்,” என்றாள். வரவில்லை. அந்த வாரமே பெரியம்மாவோடு மரம் வெட்டப் போய்விட்டாள். எந்த மரத்தைத் தொடக்கூடாது என்று பெரியப்பா கேட்டுக்கொண்டாரோ அதே பால் மரம்.

சுதந்திர தினத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, கையில் கொடியும் மிட்டாயும் கொடுத்தார்கள். என் பக்கத்தில் அக்காவின் இடத்தில் வேறு ஒருத்தி நின்றாள். எல்லாரும் மெர்டேக்கா, விடுதலை, என்று கத்தினார்கள், நானும் தொண்டை கிழியக் கத்தினேன். சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று வாத்தியார் தட்டிக்கொடுத்தார்.

அக்கா கல்யாணம் கட்டி, பிள்ளையில்லாமல், புருஷனையும் இழந்து, முதலாளி தோட்டத்தை விற்றபோது, குடியிருந்த லயத்து வீட்டையும் இழந்து, கடைசியில் புக்கிட் காதிலில் என் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தம்பி மகனைத் தூக்கி வளர்த்தது அவள்தான். ஒருமுறை நான் அவளிடம் கரண்டி விஷயத்தைச் சொன்னேன்.

“நானும்தான்டி பாத்தேன், சித்தி ஊத்துனத,” என்றாள் சாதாரணமாக.

“பாத்தியா? ஏன்க்கா சொல்லல?”

“யாரு கேட்டிருப்பா? கைப்புள்ளக்காரி, அவங்கண்ணன் அடிச்சிருந்தா?” என்று சொல்லிவிட்டு உப்பைத் தேடிக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. இவ்வளவு நல்லவளாக இருந்து யாருக்கு என்ன லாபம்? பிள்ளைகள் சாக்லேட் நீட்டினால் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். கடைசிவரை ஒரு துண்டு அவள் வாய்க்குள் போகவில்லை. நான் கூடவே இருந்து பார்த்தவள், சொல்கிறேன்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அக்கா செத்துப்போன பிறகு வந்த பழப் பார்ச்சு. காஜா பேராங் வீட்டைத் தம்பி மகன்தான் இப்போது பார்த்துக்கொள்கிறான். அக்காவுக்கும் ஓர் இலை போட்டிருந்தான். பாசக்காரப் பையன். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அக்காவின் இலை நடுவில் பெரிய மில்க் சாக்லேட் கட்டி ஒன்று, ஊதாக் காகிதம் பாதி பிரித்து, அழகாக வைக்கப்பட்டிருந்தது.

“என்னடா இது?”

“அத்தைக்கு ரொம்பப் பிடிக்குமே! சின்ன வயசுல கொள்ளுத்தாத்தா இலையிலேர்ந்தே சுட்டுத் தின்னாங்களாம்ல, அப்பா சொன்னாரு. எங்க சாக்லேட் அத்தை லா!” பிள்ளைகளெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அன்பாகத்தான் சிரித்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒட்டிய பெயரை, செத்த பிறகு இலை போட்டுப் பரிமாறுகிறார்கள்.

நான் குனிந்து அந்தச் சாக்லேட்டை எடுத்தேன்.

“அத்தே, ஜாங்கான் லா! எடுக்காதீங்க! இன்னும் அவங்க சாப்பிடலையே!”

“அவ இதத் தின்னதே இல்லடா. உங்க பாட்டி குழம்ப ஊத்திக் கரைச்சா, அவங்கண்ணன் இவளத் திருடின்னு துரத்துனாரு. தின்னது நான்,” என்று சொல்லிவிட்டுத் தாளைக் கிழித்து, எல்லாரும் பார்க்க, கட்டியின் மூலையைக் கடித்தேன். மென்றுகொண்டே கொல்லைக்குப் போனேன். பழைய மரம் இல்லை, அதன் அடியிலிருந்து கிளைத்தது இருந்தது. நாலைந்து பிலிம்பிங் பறித்து, அடுப்படியிலிருந்து ஒரு பிடி உப்பு எடுத்துக்கொண்டுவந்து அக்காவின் இலையில் வைத்தேன்.

கதவைச் சாத்தினார்கள். வாசலில் எல்லாரும் தள்ளி நின்று என்னையே பார்த்தார்கள். என் உதட்டோரத்தில் சாக்லேட் ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கரிக் கையை நீட்டிக்கொண்டு ஒரு பிள்ளை அதன் நடுவில் தனியாக நின்றாளே, அதே இடத்தில்தான் நான் நின்றேன். கையில் மிச்சமிருந்ததையும் நின்றபடியே தின்று முடித்தேன்.